ஆம்பளை வேலை, பொம்பளை வேலை... யாரு பிரிச்சது பாஸ்?

ஒரு சின்ன டெஸ்ட். பேனா, பேப்பர் வேண்டாம். மனசுக்குள்ளேயே பதில் சொல்லுங்க.

உங்க வீட்ல சமைக்கிறது யாரு? 'அம்மா!' சரி. உங்க சொந்தக்காரங்க கல்யாணத்துல முந்நூறு பேருக்குச் சமைச்சது யாரு? 'சமையல் மாஸ்டர்... ஆம்பளைதான்!' வீட்ல பட்டன் அறுந்தா ஊசி நூல் எடுக்கிறது யாரு? அம்மா. பஜார்ல தையல் மெஷின் மிதிக்கிறது? பெரும்பாலும் டெய்லர் அண்ணன்.

கவனிச்சீங்களா? அதே கரண்டி, அதே ஊசி. வீட்டுக்குள்ளே சும்மா செஞ்சா பொம்பளை வேலை. வெளியே காசு வாங்கிட்டுச் செஞ்சா ஆம்பளை வேலை! 'சமையல்ங்கிறது பொண்ணுங்க ரத்தத்துலேயே ஊறினது'ன்னு சொல்றவங்க, கல்யாண மண்டபத்துப் பின்பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை போல.

உடம்பு கொடுத்தது, ஊர் கொடுத்தது

'அப்போ ஆணுக்கும் பெண்ணுக்கும் வித்தியாசமே இல்லையா?'ன்னு கேட்பீங்க. இருக்கு. பிள்ளை பெறுவதும் பால் கொடுப்பதும் உடம்பு சம்பந்தப்பட்டது. இதைப் 'பால்' என்கிறார்கள். ஆனா பால் பாட்டிலைக் கழுவுறதுக்கும் உடம்புக்கும் என்ன சம்பந்தம்? இப்படி ஊர் கூடி எழுதி வெச்ச பட்டியலுக்குப் பேர்தான் 'பாலினம்'. முதலாவது பிறப்போடு வருது. ரெண்டாவதை 'பொட்டப்புள்ள இப்படிச் சிரிக்கலாமா', 'ஆம்பளைப் பையன் அழலாமா'ன்னு தினம் ஒரு டோஸா கொடுத்து வளர்க்கிறாங்க.

எது உடம்பு, எது ஊர்? கண்டுபிடிக்க ஈஸியான வழி இருக்கு. ஊர் மாறினாலோ, காலம் மாறினாலோ அதுவும் மாறுதான்னு பாருங்க. காஞ்சிபுரத்துப் பட்டுத்தறியில் பெரும்பாலும் உட்காருவது ஆண்கள். பெண்கள் நூல் இழைப்பது, தார் சுற்றுவது என்று துணை வேலை பார்ப்பார்கள். அப்படியே ரயிலேறி அசாமுக்குப் போங்க. அங்கே வீட்டுக்கு வீடு தறியில் நெய்வது பெண்கள்! பொண்ணுன்னா நெய்யத் தெரியணும்னு எதிர்பார்க்கிற ஊர் அது. ரெண்டு ஊர்லயும் அதே கை, அதே கால்தான்.

காலமும் அப்படித்தான். பழைய போட்டோக்களில் நம்ம கொள்ளுத்தாத்தாக்களைப் பாருங்க. பலருக்குத் தலையில் குடுமி, காதில் கடுக்கன். அன்னிக்கு அது கம்பீரம். இன்னிக்கு ஒரு பையன் முடி வளர்த்து, கம்மல் போட்டு கிளாஸுக்கு வந்தா, 'என்னடா பொண்ணு மாதிரி'ன்னு கமென்ட் அடிக்கிறோம்!

புதுக்கோட்டையில் அடிச்ச பெல்

எழுதி வெச்ச பட்டியலை அழிக்க முடியுமா? முடியும்னு நம்ம ஊர்லேயே காட்டியிருக்காங்க.

1991-இல் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் ஆரம்பமானது. எழுத்தறிவு கொடுக்க வந்த இயக்கம் அது. கூடவே ஒரு வேலையையும் கையில் எடுத்தது: பெண்களுக்கு சைக்கிள் கற்றுக் கொடுப்பது. அப்போது கலெக்டராக இருந்த ஷீலா ராணி சுங்கத் இதற்கு முழு ஆதரவு. கிராமத்தில் ஒரு பொண்ணு சைக்கிள் ஏறினால் கேலியும் கெட்ட பேச்சும் கிடைத்த காலம். ஆனாலும் விவசாயக் கூலிகள், கல் குவாரித் தொழிலாளிகள், அங்கன்வாடி ஊழியர்கள், டீச்சர்கள் என்று சாரிசாரியாக வந்தார்கள். 1992 மகளிர் தினத்தன்று ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட பெண்கள் ஹேண்டில்பாரில் கொடி கட்டி, பெல் அடித்துக்கொண்டு புதுக்கோட்டைக்குள் ஊர்வலமாக வந்தார்கள்.

லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே ஓட்டினார்கள். சிலர் அதைத்தான் விரும்பியே வாங்கினார்கள். ஏன் தெரியுமா? நடுவில் இருக்கிற பாரில் குழந்தையை உட்கார வைக்கலாமே! பஸ்ஸுக்காகவோ, அண்ணன் தம்பிக்காகவோ காத்திருக்காமல் தண்ணீர் எடுக்கவும், விளைந்ததை விற்கவும் தாங்களே போனார்கள். பத்திரிகையாளர் பி.சாய்நாத் இதை நேரில் பார்த்து எழுதியிருக்கிறார். இன்னிக்கு நீங்க ஸ்கூட்டியில் காலேஜ் போகும்போது யாரும் திரும்பிப் பார்க்கலைன்னா, அந்தச் சாலையை முதல்ல போட்டது அவங்கதான்.

பில் கட்டுறது யாரு?

'அதான் எல்லாம் மாறிடுச்சே!'ன்னு சொல்றீங்களா? மத்திய அரசு 2024-இல் நடத்திய நேரப் பயன்பாட்டு ஆய்வைப் பாருங்க. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண்கள் ஒரு நாளைக்குச் சராசரியாக 289 நிமிடம் செலவழிக்கிறார்கள். செய்கிற ஆண்கள் 88 நிமிடம். வித்தியாசம், மூணு மணி நேரத்துக்கும் மேல. செமஸ்டருக்கு முந்தின நாள் நீங்க நோட்ஸைப் புரட்டும்போது, அதே காலேஜில் படிக்கிற உங்க தங்கச்சி தட்டு கழுவிட்டு இருந்தா, அந்த மார்க் வித்தியாசத்தை மூளை மேல போடாதீங்க.

ஹாஸ்டலும் அப்படியே. பாய்ஸ் லைப்ரரியில் இருக்கும்போதே கேர்ள்ஸ் ஹாஸ்டல் கேட்டைப் பூட்டும் கல்லூரிகள் உண்டு. 2015-இல் டெல்லி மாணவிகள் 'பிஞ்ஜ்ரா தோட்', அதாவது 'கூண்டை உடை' என்று கிளம்பியது இந்த மாதிரிப் பூட்டுகளுக்கு எதிராகத்தான்.

பசங்களுக்கும் பில் வருது. 2022-இல் இந்தியாவில் தற்கொலை செய்துகொண்ட பத்துப் பேரில் ஏழு பேர் ஆண்கள் என்கிறது தேசியக் குற்ற ஆவணக் காப்பகம். காரணங்கள் பல இருக்கும். ஆனா, 'ஆம்பளை அழக்கூடாது, தோற்கக்கூடாது, குடும்பத்தைத் தாங்கணும்'னு சொல்லியே வளர்த்த ஒருத்தன், உள்ளுக்குள்ளே உடையும்போது யார்கிட்ட போய்ச் சொல்வான்?

இந்த வாரம் ட்ரை பண்ணுங்க

* உங்க வீட்ல யார் எத்தனை நிமிஷம் வீட்டு வேலை செய்றாங்கன்னு ஒரே ஒரு நாள் குறிச்சு வைங்க. குறிக்கிறது மட்டும் பத்தாது, அடுத்த நாள் பங்கு போடுங்க.

* டிபார்ட்மென்ட் ஃபங்ஷன்ல பொண்ணுங்களுக்குக் குத்துவிளக்கு, கோலம். பசங்களுக்கு மைக் செட், ஸ்பான்சர்னு பிரிப்பாங்களே, ஒரு தடவை மாத்திப் போடுங்க. பசங்க போடுற கோலம் கோணலாத்தான் வரும். வரட்டுமே!

* ஃப்ரெண்ட் ஒருத்தன் கண் கலங்கினா, 'என்னடா பொண்ணு மாதிரி'ன்னு சொல்லாதீங்க. 'என்னடா ஆச்சு?'ன்னு கேட்டுட்டுப் பக்கத்துல உட்காருங்க.

சைக்கிள்ல ஏறினப்போ புதுக்கோட்டைப் பெண்களும் முதல் நாள் விழுந்திருப்பாங்க. ஏறி மிதிங்க பாஸ், பேலன்ஸ் தானா வரும்!