வெங்காயத்துக்குள் ஒன்று, பஸ்ஸுக்குள் எல்லோரும்! தெரியுமா?

ஆங்கிலத்தில் 'ஒன்று' என்ற எண், எண்வரிசையில் மட்டும் உட்கார்ந்திருக்கிறது என்றா நினைத்தீர்கள்? அது புகுந்து ஒளிந்திருக்கிற இடங்களைப் பாருங்கள், அசந்துபோவீர்கள்!

'அலோன்' என்றால் தனியாக. 'ஆல்', 'ஒன்' இரண்டும் ஒட்டிப் பிறந்த சொல் அது. முழுக்க முழுக்க ஒருவராய் இருப்பது! பிறகு முன்னாலிருந்த 'அ'வைத் தனி ஒட்டு என்று நினைத்து ஜனங்கள் கழற்றிவிட, மிஞ்சியது 'லோன்'. அதற்கு வால் முளைத்து 'லோன்லி'. அதன் முதலில் நிற்கும் 'ல்' யாருடையது தெரியுமா? காணாமல்போன 'ஆல்' விட்டுச்சென்ற கடைசி எழுத்து!

இந்த 'ஒன்'னை இன்று 'வன்' என்று உச்சரிக்கிறார்களே, அந்த 'வ' இடையில் வட்டார வழக்கிலிருந்து வந்து ஒட்டிக்கொண்டது. 'அலோன்', 'ஓன்லி' இரண்டிலும் பழைய ஓகார ஒலி அப்படியே இருக்கிறது. பிராயச்சித்தம் செய்வதைக் குறிக்கும் 'அட்டோன்' மட்டும் சளைத்ததா? 'அட் ஒன்' என்பதுதான் அது. பகை தீர்ந்து ஒன்றாகிவிடுவது!

பத்து விரல்களும் தீர்ந்த பிறகு? 'ஒன்று மிச்சம்'. 'லெவன்' என்று நாம் சொல்லும் பதினொன்றின் பழைய பொருள் அதுதான். 'ட்வெல்வ்'? 'இரண்டு மிச்சம்'!

வெங்காயத்துக்கும் தொழிற்சங்கத்துக்கும் ஒரே வேர் என்றால் நம்புவீர்களா? 'ஆனியன்', 'யூனியன்' இரண்டுமே 'ஒன்று' ஒளிந்திருக்கும் லத்தீன் 'ஊனியோ'விலிருந்து வந்தவை. பூண்டைப் போலப் பல்பல்லாகப் பிரியாமல் ஒரே உருண்டையாக இருப்பதால் இந்தப் பெயர் என்பார்கள். உழவர்கள் வெங்காயத்தை இப்படி அழைத்ததை முதலாம் நூற்றாண்டிலேயே கொலுமெல்லா என்ற ரோமானியர் எழுதிவைத்திருக்கிறார். பெரிய முத்துக்கும் அதே பெயர்! ஷேக்ஸ்பியரின் 'ஹாம்லெட்'டில் அரசன் கோப்பையில் போடப்போவதாகச் சொல்லும் 'யூனியன்' முத்துதான். சங்கமும் அல்ல, வெங்காயமும் அல்ல!

அடிக்கோலில் இருக்கும் 'இஞ்ச்', தங்க விலைச் செய்தியில் வரும் 'அவுன்ஸ்' இரண்டும் உடன்பிறப்புகள். பன்னிரண்டில் ஒரு பங்கு என்ற லத்தீன் சொல்லே இரண்டுக்கும் தாய். அதனால்தான் ஓர் அடிக்கு 12 இஞ்ச். தங்கம் நிறுக்கும் டிராய் அளவையில் ஒரு பவுண்டுக்கு 12 அவுன்ஸ்!

பிரபஞ்சம் எனும் 'யூனிவர்ஸ்' என்றால் 'ஒன்றாகத் திரண்டது'. அப்படியானால் 'யூனிவர்சிட்டி' உலக அறிவெல்லாம் திரண்ட இடமா? அதுதான் இல்லை! இடைக்காலத்தில் அது வெறும் 'சங்கம்'. கைவினைஞர் கூட்டத்துக்கும் அதே பெயர்தான். இத்தாலியின் பொலோஞா நகரில் மாணவர்களே சங்கம் சேர்ந்து பேராசிரியர்களை அமர்த்தினார்கள். பாடம் தாமதமாகத் தொடங்கினால் அபராதம்... மாணவருக்கு அல்ல, ஆசிரியருக்கு!

'ஒன்று' போதும், இனி 'எல்லாம்' பக்கம் வருவோம். 'கத்தோலிக்க' என்பது ஒரு திருச்சபையின் பெயர் மட்டுமா? கிரேக்கத்தில் அதன் பொருள் 'முழுமைக்கும் உரியது', அதாவது உலகளாவியது. பலவகை இசையையும் ரசிப்பவரைக் 'கத்தோலிக்' ரசனை உள்ளவர் என்று ஆங்கிலத்தில் இன்றும் சொல்வார்கள். அவர் கோயிலுக்கே போகாதவராகவும் இருக்கலாம்!

கடைசியாக நம்ம பஸ். 1820களில் பிரான்ஸின் நான்ட் நகரில் ஸ்தானிஸ்லாஸ் போத்ரி ஓட்டிய குதிரை வண்டிச் சேவைக்கு 'ஆம்னிபஸ்' என்று பெயர். 1829இல் ஜார்ஜ் ஷில்லிபியர் அதை லண்டன் தெருவுக்குக் கொண்டுவந்தார். லத்தீனில் 'ஆம்னிபஸ்' என்றால் 'எல்லோருக்கும்'. அவசரக்கார ஜனங்கள் முன்பாதியை வெட்டி 'பஸ்' ஆக்கிவிட்டார்கள். வெட்டுப்பட்ட பகுதியில்தான் 'எல்லோரும்' இருந்தார்கள். மிஞ்சியது வெறும் வேற்றுமை உருபின் வால். ஆக, 'எல்லோரும்' இறங்கிப் போய்விட்டார்கள். 'க்கும்' மட்டும் ஊரெல்லாம் ஓடிக்கொண்டிருக்கிறது!