உஷார்! அரை நிமிஷம் மூச்சடங்கித் திரும்பிய குழந்தை

தங்கை மகனுக்கு அப்போது 40 நாள். பால் குடித்துவிட்டு என் அம்மாவின் மடியில் கிடந்தான். திடீரென்று உடம்பு துவண்டது. உதட்டில் நாவல்பழம் தின்ற மாதிரி கருநீலம். மூச்சே இல்லை. அம்மா பதறிப்போய் உள்ளங்காலைத் தேய்க்க, ஒரு விக்கல், பிறகு வீறிட்ட அழுகை. எல்லாம் அரை நிமிஷம்தான். சற்று நேரத்தில் வழக்கம்போல் கால்களை உதைத்துக்கொண்டிருந்தான். "தோஷம் பட்டிருக்கு, மந்திரிச்சா சரியாயிடும்" என்றார் பக்கத்து வீட்டம்மா. அதைக் கேட்டு ஒரு ராத்திரியைக் கடத்திவிட்டோம். நினைத்தால் இன்றும் நடுங்குகிறது.

நீங்கள் கடத்தாதீர்கள். ஒரு வயது நிறையாத குழந்தைக்கு மூச்சு நின்றாலோ, தாறுமாறானாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ, முகம் வெளுத்தாலோ, உடம்பு துவண்டாலோ, விறைத்தாலோ, கூப்பிட்டும் அசையாவிட்டாலோ, அது தானாகச் சரியாகியிருந்தாலும் உடனே குழந்தை டாக்டரிடம் ஓடுங்கள். ஒரு நிமிஷத்துக்குள் அடங்கி, பரிசோதித்தும் காரணம் பிடிபடாவிட்டால் அதற்கு 'ப்ரூ' என்று பெயர். அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாடமி 2016-ல் வைத்த பெயர் அது. அப்படிப்பட்ட குழந்தைகளில் பெரும்பாலோர் பிறகு நன்றாகவே இருக்கிறார்கள். ஆனால் காரணம் ஒன்றுமில்லை என்று பரிசோதித்த டாக்டர்தான் சொல்லலாம், நாம் சொல்லக் கூடாது. வலிப்பு, ரத்தத்தில் கிருமி, இருதயக் கோளாறு, சர்க்கரை இறங்குவது எல்லாம் இப்படியே தலைகாட்டும். கக்குவான் இருக்கிறதே, கைக்குழந்தைக்கு அது வந்தால் பெரிய இருமல்கூட இல்லாமல் மூச்சு மட்டும் நிற்கலாம்.

இரண்டு மாதம் ஆகாத பிள்ளை, 32 வாரத்துக்கு முன்பே பிறந்த பிள்ளை, ஏற்கெனவே ஒரு முறை இப்படி ஆன பிள்ளை என்றால் கூடுதல் ஆபத்து. ஒரு நிமிஷத்துக்கு மேல் நீடித்தாலும் அப்படித்தான்.

நம் பிள்ளைகளின் மாநிறத்தில் நீலம் சட்டென்று தெரியாது. நாக்கு, ஈறு, உதட்டின் உட்புறம் பாருங்கள். குளிரில் விரல்கள் மட்டும் நீலமானால் பயமில்லை. பச்சிளங்குழந்தை தூக்கத்தில் 5, 10 விநாடி மூச்சை நிறுத்தி மறுபடி வேகமாக விடுவதும் சகஜம்தான், நிறம் மாறாதவரை.

கண்ணெதிரே நடந்தால் பிடித்துக் குலுக்காதீர்கள். வாயில் தண்ணீர் விடாதீர்கள். கெட்டியான தரையில் மல்லாக்கப் படுக்கவைத்து உள்ளங்காலைத் தட்டுங்கள். அசையவில்லை, மூச்சும் இல்லை என்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் நெஞ்சை இரு கைகளாலும் சுற்றிப் பிடித்து, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியைக் கட்டைவிரல்களால் சுமார் 4 சென்டிமீட்டர் ஆழத்துக்கு வேகவேகமாக 30 முறை அழுத்த வேண்டும். பிறகு குழந்தையின் வாயையும் மூக்கையும் தன் வாயால் சேர்த்து மூடி இரண்டு முறை மெல்ல ஊத வேண்டும். மூச்சு வரும்வரை, அல்லது ஆம்புலன்ஸ் வரும்வரை, திரும்பத் திரும்ப.

டாக்டர் முன்னால் போகும்போது குழந்தை கொழுகொழுவென்று நன்றாக இருக்கும். நீங்கள் கண்ட அந்தச் சில விநாடிகள்தான் அவருக்குத் துப்பு. தூக்கத்திலா, பால் குடிக்கும்போதா, துவண்டதா விறைத்ததா, எவ்வளவு நேரம் என்று சூட்டோடு சூடாக எழுதிவையுங்கள். மறுபடி நடந்து, பக்கத்தில் இன்னொருவர் இருந்தால், செல்போனில் வீடியோ எடுக்கச் சொல்லுங்கள்.

மறுநாள் டாக்டர் எங்களிடம் கேட்ட முதல் கேள்வி, "கண் எந்தப் பக்கம் செருகுச்சு?" அம்மாவுக்கு ஞாபகமில்லை.