எரிச்சல் வருதா பாஸ்? கம்ப்யூட்டருக்குத் தெரியும்!

சாயங்காலம் ஆறு மணிக்கு அயனம்பாக்கத்தில் எந்தத் தெருவுக்குள் நுழைந்தாலும், ஏதாவது ஒரு வீட்டு வாசலில் குட்டிக் குட்டிச் செருப்புகள் குவிந்து கிடக்கும். உள்ளே ட்யூஷன். பாயில் பத்துப் பிள்ளைகள், நடுவில் ஒரு அக்கா. அந்த அக்காவைக் கொஞ்ச நேரம் கவனித்துப் பாருங்கள். ஒரு பையன் பென்சில் முனையைக் கடிக்க ஆரம்பித்ததுமே, ‘என்னடா, பின்னம் புரியலையா?’ என்பார். மூலையில் ஒரு பொண்ணு சத்தமே இல்லாமல் எழுதுவதும் அடிப்பதுமாக இருப்பாள். ‘அதை விடும்மா, அப்புறம் பாத்துக்கலாம். இதைப் போடு’ என்று வேறு கணக்கை நீட்டுவார். எந்த பி.எட்.டிலும் தனி பேப்பராக வைக்காத வித்தை இது!

இந்த வித்தையை ஒரு சாஃப்ட்வேருக்குச் சொல்லித் தர முடியுமா? முடியும் என்று பி.ஹெச்டி. செய்து காட்டினார் ராம்குமார் ராஜேந்திரன். மும்பையில் உள்ள ஐ.ஐ.டி.பி - மோனாஷ் ரிசர்ச் அகாடமியில் ஆராய்ச்சி மாணவராக இருந்தபோது அவர் எடுத்துக்கொண்ட கேள்வி ரொம்ப எளிமையானது. ‘கம்ப்யூட்டரில் கணக்குப் போடும் பிள்ளைக்கு எப்போது எரிச்சல் வருகிறது? அதை, கேமரா எதுவும் இல்லாமலே கண்டுபிடிக்க முடியுமா?’

‘கேமரா இல்லாமல்’ என்ற இடத்தில் அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். ஏனென்றால், ‘எமோஷன்’ என்று சொன்னதுமே நம்ம கையெல்லாம் தானாக வெப்கேமுக்குத்தான் போகும். ஆவடி, அம்பத்தூர், பூந்தமல்லி பக்கம் எந்த இன்ஜினீயரிங் காலேஜின் ஃபைனல் இயர் ப்ராஜெக்ட் லிஸ்ட்டை எடுத்தாலும் ‘ஃபேஸ் எமோஷன் டிடெக்‌ஷன்’ ஒன்றாவது இல்லாமல் போகாது. ரெவ்யூ அன்று கேமரா முன்னால் பல்லைக் காட்டுவீர்கள், ஸ்க்ரீனில் ‘ஹேப்பி’ என்று வரும், எக்ஸ்டர்னல் தலையாட்டுவார். சுபம்!

அந்த ப்ராஜெக்ட்டுகளில் பாதிக்கு மேல் ‘எஃப்.ஈ.ஆர்-2013’ என்ற டேட்டாசெட்டில்தான் ஓடும். மொத்தம் 35,887 படங்கள். ஒவ்வொன்றும் 48-க்கு 48 பிக்ஸல், கறுப்பு வெள்ளை. கூகுள் இமேஜ் தேடலில் வாரிச் சேர்த்த முகங்கள் அவை. அதில் ஏழே பிரிவுகள்: கோபம், அருவருப்பு, பயம், சந்தோஷம், சோகம், ஆச்சர்யம், எதுவும் இல்லாத முகம். மனிதர்களையே உட்காரவைத்து அடையாளம் காணச் சொன்னபோது அவர்கள் எடுத்த மார்க் சுமார் 65 சதவிகிதம்!

அது கூடப் பரவாயில்லை. கிளாஸ் ரூமில் உட்கார்ந்திருக்கும் ஒருவருக்கு நிஜமாக என்னென்ன தோன்றும் என்று யோசியுங்கள். ‘ஒண்ணும் புரியல’, ‘செம போர்’, ‘எத்தனை தடவைதான்டா போடுறது’. இந்த மூன்றுமே அந்த ஏழில் கிடையாது. கணக்கு வரவில்லையே என்று யாராவது அருவருப்பு அடைவார்களா? படிப்பில் வரும் உணர்ச்சிகளே தனி ஜாதி.

ராம்குமார் வேறு பக்கமாக உள்ளே நுழைந்தார். அவர் எடுத்துக்கொண்டது ‘மைண்ட்ஸ்பார்க்’ என்ற கணக்கு சாஃப்ட்வேர். எஜுகேஷனல் இனிஷியேட்டிவ்ஸ் என்ற இந்திய நிறுவனம் உருவாக்கியது. ஒவ்வொரு பிள்ளையும் போடுகிற விடையைப் பார்த்து அடுத்த கேள்வியை மாற்றித் தரும். தொடர்ந்து மூன்று கேள்விக்குச் சரியாகச் சொன்னால் ஒரு ‘ஸ்பார்க்கி’ பரிசு. தொடர்ந்து ஐந்து சரி என்றால், ஒரு சவால் கேள்வி வரும். அதையும் அடித்துவிட்டால் ஸ்பார்க்கி மழை! ஸ்கூல் பசங்களுக்கு இந்த ஸ்பார்க்கிதான் உயிர். நமக்கு அட்டெண்டன்ஸ் பர்சன்டேஜ் மாதிரி.

எரிச்சல் என்றால் என்ன என்பதற்கு மனோதத்துவத்தில் ஒரு பழைய விளக்கம் உண்டு. நாம் அடைய நினைத்த இலக்குக்கும் நமக்கும் நடுவில் ஏதாவது குறுக்கே நின்றால் வருவது எரிச்சல். அவ்வளவுதான். அப்படியானால், இந்த சாஃப்ட்வேர் முன்னால் உட்காரும் பிள்ளையின் இலக்குகள் என்னென்ன? இப்போதைய கேள்விக்குச் சரியான விடை. ஒரு ஸ்பார்க்கி. சவால் கேள்வியை எட்டுவது. அந்த சவாலில் ஜெயிப்பது. இந்த நான்கும் எப்போது கைநழுவிப் போகிறது என்பது சாஃப்ட்வேரின் லாக் ஃபைலிலேயே பதிவாகி இருக்கிறதே! முகத்தை எதற்குப் பார்க்க வேண்டும்?

யோசித்துப் பாருங்கள். முதல் கேள்வியே தப்பானால் பெரிதாக ஒன்றும் தோன்றாது. ஆனால் இரண்டு சரி, மூன்றாவது தப்பு என்றால்? ஸ்பார்க்கி கண்ணுக்கு முன்னால் போய்விட்டது. நான்கு சரி, ஐந்தாவது தப்பு? இன்னும் கடுப்பு. இரண்டிலும் லாக் ஃபைலில் இருப்பது ‘ஒரு தப்பு விடை’ என்ற ஒரே வரிதான். ஆனால் வலி ஒன்றல்ல. 19 ரன்னில் அவுட் ஆவதும் 99-ல் அவுட் ஆவதும் ஒன்றா? ராம்குமாரின் ஃபார்முலா இந்த வித்தியாசத்தைப் பிடித்தது. விடைக்கு எடுத்துக்கொண்ட நேரத்தையும் சேர்த்துக்கொண்டது. அது மட்டுமில்லை, போன கேள்வியில் வந்த எரிச்சலில் ஒரு பங்கு அடுத்த கேள்விக்கும் தொடரும் என்று ஒரு ‘மிச்சக் கணக்கு’ம் அதில் உண்டு. காலையில் பஸ்ஸை விட்ட கோபம் மூன்றாவது பீரியட் வரை நிற்குமே, அதுதான்!

சரி, ஃபார்முலா சொல்வது நிஜம் என்று எப்படித் தெரியும்? இங்கேதான் முகம் வருகிறது. பிள்ளைகள் மைண்ட்ஸ்பார்க்கில் வேலை செய்யும்போது வீடியோ எடுத்து, அதை மனிதர்கள் உட்கார்ந்து பார்த்து, எந்தக் கேள்வியில் எரிச்சல் தெரிகிறது என்று தனியாகக் குறித்தார்கள். அதோடு ஃபார்முலாவின் கணிப்பை ஒப்பிட்டார்கள். ‘எரிச்சல்’ என்று ஃபார்முலா சொன்னால் அது பெரும்பாலும் சரியாகவே இருந்தது. ஆனால் கணிசமான எரிச்சல்களை அது கண்டுகொள்ளாமலும் விட்டது. என்னைக் கேட்டால், தப்பு செய்வதாக இருந்தால் இந்தப் பக்கம் செய்வதே நல்லது. சந்தோஷமாகக் கணக்குப் போட்டுக்கொண்டிருப்பவனிடம் போய் ‘கவலைப்படாதே தம்பி’ என்று ஆறுதல் சொன்னால், இல்லாத எரிச்சலும் வந்துவிடும்.

இந்த ஆராய்ச்சி 2013-ல் ஐ.இ.இ.இ-யின் கற்றல் தொழில்நுட்ப இதழில் வெளிவந்தது. ஸ்ரீதர் ஐயர், சஹானா மூர்த்தி, மோனாஷின் கேம்ப்பெல் வில்சன், ஜூடி ஷியர்ட் ஆகியோர் உடன் எழுதியவர்கள். கண்டுபிடித்ததோடு நிற்காமல் எரிச்சல் வந்த நேரத்தில் சாஃப்ட்வேர் என்ன பேச வேண்டும் என்றும் வடிவமைத்தார்கள். ‘நீ புத்திசாலி’ என்று ஜால்ரா தட்டுவது கிடையாது. முயற்சியைப் பாராட்டுவது, இது கஷ்டமான கேள்விதான் என்று ஒப்புக்கொள்வது, மற்றவர்களும் இதில் தடுமாறினார்கள் என்று சொல்வது... அதாவது, தோல்விக்கு ‘நான் மக்கு’ என்ற காரணத்தைப் பிள்ளை பிடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வது. ட்யூஷன் அக்கா செய்வதும் இதைத்தானே! பி.ஹெச்டி. முடித்து, அமெரிக்காவில் வாண்டர்பில்ட் பல்கலைக்கழகத்தில் சில காலம் இருந்துவிட்டு, ஐ.ஐ.டி. பாம்பேவுக்கே ஆசிரியராகத் திரும்பினார் ராம்குமார்.

இந்தத் துறைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர் எம்.ஐ.டி-யின் ரோசலிண்ட் பிக்கார்ட். 1997-ல் அவர் எழுதிய ‘அஃபெக்டிவ் கம்ப்யூட்டிங்’ புத்தகத்தின் பெயரே துறைக்கும் பெயர் ஆனது. அடுத்து மெம்ஃபிஸ் பல்கலைக்கழகத்தில் ‘ஆட்டோட்யூட்டர்’ என்ற உரையாடும் வாத்தியார் சாஃப்ட்வேர். அங்கே ஆராய்ச்சி மாணவராக இருந்த சிட்னி டிமெல்லோ, மாணவர் உட்காரும் நாற்காலியில்கூட அழுத்தத்தை அளக்கும் சென்சார் வைத்துப் பார்த்தார். முன்னால் சாய்கிறாரா, பின்னால் சரிகிறாரா, நெளிகிறாரா! அந்த அணி பின்னால் சொன்னது இன்னும் சுவாரஸ்யம்: குழப்பம் கெட்டது இல்லை. குழம்பி, அதிலிருந்து மீண்டு வந்தவர்கள் நன்றாகக் கற்றுக்கொள்கிறார்கள். 2010-ல் ரையன் பேக்கர், பிலிப்பைன்ஸின் டிடித் ரொட்ரிகோ போன்றவர்கள் சேர்ந்து எழுதிய கட்டுரையின் தலைப்பே ‘போர் அடிப்பதைவிட எரிச்சல் மேல்’ என்கிற அர்த்தத்தில்தான் இருக்கும். எரிச்சல் வரும், போகும். போர் அடித்துவிட்டால் அங்கேயே டேரா போட்டுவிடும். பசங்க கேள்வியைப் படிக்காமலே குத்துமதிப்பாகத் தட்ட ஆரம்பித்துவிடுவார்கள். நமக்குத் தெரியாததா?

இதெல்லாம் ஏதோ ஐ.ஐ.டி. விளையாட்டு என்று நினைக்க வேண்டாம். இதே மைண்ட்ஸ்பார்க்கை வைத்து டெல்லியில் கார்த்திக் முரளிதரன், அபிஜீத் சிங், அலெஹாந்த்ரோ கனிமியன் என்ற மூன்று பொருளாதார ஆராய்ச்சியாளர்கள் 619 மாணவர்களிடம் ஒரு சோதனை நடத்தினார்கள். குலுக்கல் முறையில் பாதிப் பேருக்கு இலவச இடம், நாலரை மாதம். 2019-ல் முடிவு வெளியானபோது கணக்கிலும் இந்தியிலும் நல்ல முன்னேற்றம். (அந்தச் சோதனை எரிச்சல் ஃபார்முலாவைப் பற்றியது இல்லை, அளவுக்கேற்ற கேள்வி தருவதைப் பற்றியது.) ஆனால் அதில் நெஞ்சில் குத்திய தகவல் வேறு. ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் கணக்கில் சராசரியாக இரண்டரை வகுப்பு பின்தங்கி இருந்தார்கள். ஒன்பதாம் வகுப்பில் அது நாலரை வகுப்பு ஆகியிருந்தது.

இப்போது அந்த ஒன்பதாம் வகுப்புப் பையனை நினைத்துப் பாருங்கள். போர்டில் அல்ஜீப்ரா. அவனுக்குத் தெரிந்ததோ வகுத்தல். தினம் ஆறு மணி நேரம் புரியாத மொழியில் ஓடும் படம் பார்ப்பது மாதிரி உட்கார்ந்திருக்கிறான். அவன் முகத்தில் என்ன தெரியும்? ஒன்றும் தெரியாது. அமைதியாக இருப்பான். எஃப்.ஈ.ஆர் கணக்கில் ‘எதுவும் இல்லாத முகம்’.

கேமராவை நம்பினால் எங்கே போய் நிற்போம் என்பதற்கும் உதாரணம் இருக்கிறது. 2018-ல் சீனாவின் ஹாங்ஜோ நகரில் ஒரு பள்ளி, 30 விநாடிக்கு ஒரு முறை மாணவர்கள் முகத்தை ஸ்கேன் செய்யும் கேமராவை வகுப்பில் மாட்டியது. பெரிய சர்ச்சை ஆனது. நம்ம காலேஜில் அப்படி மாட்டினால் என்ன நடக்கும்? ஒரே வாரத்தில் ‘கவனிக்கிற முகம்’ எப்படி வைப்பது என்று ஹாஸ்டலில் கோச்சிங் கிளாஸே நடக்கும்! 2019-ல் லிசா ஃபெல்ட்மேன் பேரட் உள்ளிட்ட ஐந்து விஞ்ஞானிகள் ஆயிரத்துக்கு மேற்பட்ட ஆய்வுகளை அலசிவிட்டு, கோபமாக இருப்பவர்கள் முகத்தைச் சுளிப்பது சராசரியாக 30 சதவிகிதத்துக்கும் குறைவான நேரங்களில்தான் என்றார்கள். மீதி நேரம் கோபம் உள்ளுக்குள். ஐரோப்பிய யூனியன் ஒருபடி மேலே போய்விட்டது. முகம், குரல் போன்ற உடல் அடையாளங்களை வைத்துப் பள்ளி, கல்லூரி, ஆபீஸில் உணர்ச்சியைக் கணிக்கும் ஏ.ஐ-க்கு, மருத்துவம், பாதுகாப்பு காரணங்கள் தவிர, 2025 பிப்ரவரி 2 முதல் தடை!

போட்ட விடைகளை மட்டும் வைத்துக் கணிக்கும் ராம்குமார் பாணி இந்தத் தடைக்குள் வராது. ஆனால் அதிலும் ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. எரிச்சல் கணக்கு யார் கைக்குப் போகிறது? கணக்குப் போடும் பிள்ளைக்கு உதவி செய்துவிட்டு அங்கேயே அழிந்தால் சரி. ‘உங்க பையன் இந்த வாரம் 14 முறை கடுப்பானான்’ என்று பேரன்ட்ஸ் மீட்டிங்கில் பிரின்ட் அவுட்டாக வந்தால்? அந்தப் பையன் மறுநாள் முதல் கஷ்டமான கணக்கைத் தொடவே மாட்டான்.

அடுத்த செமஸ்டரில் ப்ராஜெக்ட் டைட்டில் கொடுக்க வேண்டியவர்களுக்கு ஒரு விஷயம். அமெரிக்காவின் ‘அசிஸ்ட்மென்ட்ஸ்’ என்ற கணக்கு சாஃப்ட்வேர், மாணவர்களின் பெயர் நீக்கிய லாக் டேட்டாவை ஆராய்ச்சிக்காக வெளியிட்டிருக்கிறது. யார் எந்தக் கேள்விக்கு எத்தனை முயற்சி செய்தார்கள், எத்தனை ஹின்ட் கேட்டார்கள், எவ்வளவு நேரம் யோசித்தார்கள் என்று லட்சக்கணக்கான வரிகள். 2012-13 தொகுப்பில் குழப்பம், போர், எரிச்சல் பற்றிய கணிப்புகளும் சேர்ந்தே இருக்கின்றன. வெப்கேம் வேண்டாம், கிராஃபிக்ஸ் கார்டு வேண்டாம். ரெவ்யூவில் பல்லைக் காட்டினால் ‘ஹேப்பி’ என்று வராது, உண்மைதான். அதற்குப் பதிலாக, ‘இந்த வரியில் இந்தப் பிள்ளை ஏன் விட்டுவிட்டுப் போனாள்?’ என்று எக்ஸ்டர்னல் கேட்பார். பதில் தயாராக வைத்துக்கொள்ளுங்கள்.