மகிழுந்துக்கு வீட்டிலேயே வண்ணம் பூசுதல்

மகிழுந்துக்கு வீட்டிலேயே வண்ணம் பூசுதல் என்பது, பழைய காரின் மேற்பூச்சைத் தேய்த்துச் சமப்படுத்தி, பட்டறைக்கு விடாமல் உரிமையாளரே புதிதாகப் பெயின்ட் அடிப்பதாகும். இதில் மிச்சமாவது பெரும்பாலும் கூலிதான். பொருளில் மிச்சம் பிடித்தால் பூச்சு விரைவில் உரியும்.

பழைய பூச்சை அறிதல்

துணியில் என்.சி. தின்னரை நனைத்து, வெளியே தெரியாத இடத்தில் தேய்க்க வேண்டும். நிறம் கரைந்து துணியில் ஒட்டினால் அது நைட்ரோசெல்லுலோசு (என்.சி.) பெயின்ட். சுருங்கி எழும்பினால் சிந்தெட்டிக் எனாமல், அதன்மேல் என்.சி. அடித்தால் புதுப்பூச்சும் சேர்ந்து சுருங்கும் என்பதால் முழுவதையும் சுரண்டியாக வேண்டும். ஒன்றும் ஆகாவிட்டால் தொழிற்சாலையில் சூடேற்றி உலர்த்திய பூச்சாகவோ கடினமாக்கி கலந்த டூ-கே பூச்சாகவோ இருக்கும். அதை 400 எண் உப்புத்தாளால் மங்கலாக்கினாலே போதும்.

துருவைத் தகடு தெரியும்வரை எடுத்துவிட்டுப் பட்டி பார்க்க வேண்டும். பட்டி நீரை உறிஞ்சும். தண்ணீர் விட்டுத் தேய்த்த பட்டியை நன்றாகக் காயவிடாமல் பிரைமர் அடிப்பதே, சில மாதங்களில் கொப்புளம் கிளம்பப் பொதுவான காரணம்.

பெயின்ட் தேர்வு

பளபளப்பிலும் உழைப்பிலும் டூ-கே மேலானது. ஆனால் அதன் கடினமாக்கியில் உள்ள ஐசோசயனேட்டு ஆஸ்துமாவை உண்டாக்கக்கூடியது. காற்றில் கலந்திருப்பதை வாசனையால் அறியவும் முடியாது. துணி முகக்கவசம் அதைத் தடுக்காது. தனிக் குழாயில் நல்ல காற்று பெறும் கவசம் இல்லாத வீட்டு முற்றத்தில் இதை அடிக்கக் கூடாது.

வீட்டு வேலைக்கு என்.சி. பொருத்தமானது. 1923இல் டூபாண்ட் நிறுவனம் 'டூகோ' என்ற பெயரில் இவ்வகைப் பெயின்டைக் கொண்டுவந்தது. அதற்கு முன் வார்னிசு பூசிய கார்கள் உலர வாரக்கணக்கில் ஆயின. நம் ஊர்ப் பட்டறைகளில் டூகோ என்ற சொல் இன்றும் வழங்குகிறது. சில நிமிடங்களில் காய்வதால் தூசி ஒட்டுவது குறைவு. ஒட்டினாலும் 1500 எண் தாளால் தேய்த்து மெருகேற்றலாம். பெட்ரோல் சிந்தினால் கறைபடுவது இதன் குறை. என்.சி.க்கும் கரிமுகக்கவசம் தேவை. தின்னர் ஆவி தரையோடு பரவித் தீப்பிடிக்கும் என்பதால் அருகே அடுப்பு எரியக் கூடாது.

பருவம்

கொடைரோடு போன்ற திண்டுக்கல் சமவெளி ஊர்களில் தை, மாசி மாதக் காலைப்பொழுது ஏற்றது. ஆடிக் காற்று புழுதியைக் கொண்டுவந்து அப்பும். ஐப்பசி, கார்த்திகை ஈரத்தில் என்.சி. பூச்சு வெள்ளை பூக்கும். தின்னர் ஆவியாகும்போது பரப்பு குளிர்ந்து காற்றின் ஈரம் அதில் படிவதே காரணம். சித்திரை வெயிலிலோ தகடு சுட்டு, பெயின்ட் பரவுமுன் காய்ந்து சொரசொரப்பாகும்.

பீய்ச்சுக்கருவியை 15 முதல் 20 செ.மீ. தள்ளிப் பிடித்து, ஒவ்வொரு வீச்சும் முந்தையதன் பாதியை மூடுமாறு மெல்லிய பூச்சுகளாக அடிக்க வேண்டும்.

சட்டம்

நிறம் பதிவுச் சான்றிதழில் இடம்பெறும் விவரம். அதே நிறத்தை அடித்தால் சிக்கலில்லை. மாற்றினால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விண்ணப்பித்துச் சான்றிதழைத் திருத்த வேண்டும். மத்திய மோட்டார் வாகன விதிகள், 1989இன் 121ஆம் விதிப்படி, ஆலிவ் பச்சை நிறம் பாதுகாப்புத் துறை வண்டிகளுக்கு மட்டுமே உரியது.