துளைகளுக்காக ஒரு கல்

முருகைக்கல்லைக் காளவாயில் சுட்டால் சுண்ணாம்பு. மன்னார் வளைகுடாக் கரையில் ஒரு காலத்தில் அதற்காகவே வெட்டியெடுத்தார்கள். அதே கல்லை வேறு பக்குவத்தில் வேகவைத்தால் எலும்புக்கு மாற்றாகும் என்று 1974இல் காட்டினார்கள், அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டெல்லா ராயும் லின்னஹனும்.

பவள உயிரிகள் கட்டும் கல் கால்சியம் கார்பனேட். நம் எலும்பின் தாதுவோ கால்சியம் பாஸ்பேட் வகை. பாஸ்பேட் உப்புக் கரைசலோடு கல்லை இறுக மூடிய கலத்தில் வைத்து, 200 டிகிரிக்கு மேல் மிகுந்த அழுத்தத்தில் வேகவைத்தால், கார்பனேட் கழன்று பாஸ்பேட் வந்து உட்கார்ந்துகொள்கிறது. சரக்கு மாறுகிறது, துளைகள் மாறுவதில்லை.

அந்தத் துளைகளுக்காகத்தான் இத்தனை பாடு. கெட்டியான கல்லை வைத்தால் எலும்பு அதன் மேல்தோலோடு நின்றுவிடும். உள்ளே எலும்புச் செல் மட்டும் போனால் போதாது, பின்னாலேயே ரத்தக்குழாயும் போயாக வேண்டும்; இல்லையென்றால் செல் பட்டினிதான். அதற்குத் துளை குறைந்தது 0.1 மில்லிமீட்டராவது வேண்டும் என்பது பழைய கணக்கு. பொரைட்டிஸ் பவளத்தில் அது சுமார் 0.2, கோனியோபோராவில் சுமார் 0.5. துளைக்குத் துளை வழியும் இருக்க வேண்டும். வாசலில்லாத அறை எத்தனை இருந்தென்ன?

கண்ணை எடுக்க நேர்ந்தவர்களுக்கு இதே பொருளை உருண்டையாக்கிக் கண்குழிக்குள் வைப்பதும் உண்டு. 1980களில் இதைக் கொண்டுவந்தவர் ஆர்தர் பெர்ரி. உருண்டையின் மேற்பரப்பு தேங்காய்த் துருவிபோலச் சொரசொரப்பு. மேலே மூடும் மெல்லிய சவ்வை அறுத்துவிடக்கூடும். அதனால் உறை போர்த்தி, கண்ணை உருட்டும் தசைகளை அந்த உறையில் தைப்பார்கள். சில மாதங்களில் ரத்தக்குழாய்கள் புகுந்து உருண்டை உடம்போடு சேர்ந்துவிடும். முன்னால் பொருத்தும் செயற்கைக் கண் அதோடு சேர்ந்து ஓரளவு அசையும்.

குறையும் துளையிலிருந்தே வருகிறது. துளை கூடினால் பலம் குறையும். கால் எலும்பில் வைத்தால், புது எலும்பு நிரம்பும்வரை பாரத்தைத் தகடும் திருகாணியும்தான் தாங்க வேண்டும். பாஸ்பேட் எளிதில் கரையாது என்பது இன்னொரு குறை, வருடக்கணக்கில் கிடக்கும். எனவே, துளைச்சுவர்களின் மேல்பூச்சை மட்டும் பாஸ்பேட்டாக மாற்றி, உள்ளே சீக்கிரம் கரையும் கார்பனேட்டை விட்டுவைக்கும் வகையும் வந்தது.

இந்தியாவில் 2001 முதல் பவளங்கள் வனவிலங்குச் சட்டத்தின் பாதுகாப்பில் இருக்கின்றன, வெட்டக் கூடாது. ஆனால் துளையின் கணக்கைக் கடலிடமிருந்து கற்றாகிவிட்டது. இப்போது ஆய்வகங்களில் கால்சியம் பாஸ்பேட் குழம்பை முப்பரிமாண அச்சில் இழை இழையாக அடுக்கி, நடுவில் வேண்டிய அளவுக்கு இடம் விட்டுக் கட்டுகிறார்கள்.