ஆயிரம் ரூபாய் 'டேக்' போதும் பாஸ்!

லேப்டாப்ல பாட்டைப் போட்டு, வீட்டுல இருக்கிற பழைய ஆம்ப்ளிஃபயர்ல ஒயரைச் சொருகினா, ராஜா சார் வயலினுக்குப் பின்னாடி 'உஸ்ஸ்ஸ்'னு ஒரு சத்தம் வருதா? மவுஸை நகர்த்தினா 'கிர்... கிர்'னு எக்ஸ்ட்ரா பின்னணி இசை வேறயா? உடனே க்ளாஸ்ல ஒருத்தன், "மச்சி, யு.எஸ்.பி. டேக் ஒண்ணு வாங்குடா, எட்டாயிரம்தான்!"னு ஏத்தி விடுவான். பர்ஸைத் திறக்கறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம்!

கம்ப்யூட்டருக்குப் பாட்டுன்னா வெறும் எண்கள்தான். சி.டி. தரத்தில் ஒரு செகண்டுக்கு ஒரு ஸ்பீக்கருக்கு 44,100 எண்கள். அதை ஸ்பீக்கருக்குப் புரியும் மின் அலையா மாத்துற சிப்தான் 'டேக்'. உங்க லேப்டாப்புக்குள்ளேயே ஒண்ணு இருக்கு. என்ன, ப்ராசஸர், ஃபேன், சார்ஜிங் சர்க்யூட்னு சந்தைக்கடைக்கு நடுவுல உட்கார்ந்திருக்கு. அந்த இரைச்சல் பாட்டோட கலந்துடுது. யு.எஸ்.பி. டேக் அந்த வேலையை டப்பாவுக்கு வெளியே கொண்டு வருது. அவ்வளவுதான் மேட்டர்.

வாங்கறதுக்கு முன்னாடி காசே செலவில்லாத ஒரு டெஸ்ட். பாட்டு ஓடும்போது லேப்டாப் சார்ஜரைப் பிடுங்குங்க. சத்தம் சட்டுனு நின்னா, குற்றவாளி டேக் இல்லை, எர்த்! சார்ஜரும் ஆம்ப்ளிஃபயரும் ஆளுக்கொரு வழியில் எர்த்தைத் தொட்டு, ஆடியோ ஒயர் வழியா ஒரு வளையம் போட்டுக்குது. யு.எஸ்.பி. ஒயரிலும் கிரவுண்ட் கம்பி இருக்கே, அதனால எட்டாயிரம் ரூபா டேக் வாங்கினாலும் அதே 'உஸ்'தான் வரலாம். உங்க ஆம்ப்ளிஃபயரில் ஆப்டிகல் சாக்கெட் இருந்தா (ஹோம் தியேட்டர் ரிசீவர்களில் பெரும்பாலும் இருக்கும்), ஆப்டிகல் அவுட் உள்ள யு.எஸ்.பி. கன்வெர்ட்டர் வாங்குங்க. ஒளியா போறதால வளையம் அறுந்துடும். இல்லையா, ஆடியோ கடையில் 'கிரவுண்ட் லூப் ஐசொலேட்டர்'னு கேளுங்க, ஒயருக்கு நடுவுல மாட்டுற சின்ன சமாச்சாரம். ஆனா யாராவது பிளக்கோட மூணாவது பின்னை உடைச்சுடச் சொன்னா காதிலேயே வாங்காதீங்க. ஷாக் அடிச்சா பாட்டு கேட்க ஆள் இருக்காது.

சார்ஜரைப் பிடுங்கியும் சத்தம் போகலை, ஹெட்போனிலும் கேட்குதா? அப்போ டேக் வாங்கலாம். இங்கேதான் ஒரு ஆச்சரியம். 2018-ல் வந்த ஆப்பிளோட டைப்-சி ஹெட்போன் அடாப்டர், பார்க்க நூடுல்ஸ் துண்டு மாதிரி இருக்கும். அதுக்குள்ள சுத்தமான ஒரு டேக் இருக்கு. விலை சுமார் ஆயிரம்தான். விண்டோஸ் லேப்டாப்பிலும் சொருகினா வேலை செய்யும். அது தர்றது அதிகபட்சம் 1 வோல்ட். சி.டி. ப்ளேயர் தர்றது சுமார் 2 வோல்ட். ஆம்ப்ளிஃபயர் நாப்பைக் கொஞ்சம் கூடத் திருப்பணும், வேற குறையில்லை. பல ஆண்ட்ராய்டு போன்களில் மட்டும் சத்தம் கம்மியா வரும், உஷார்.

ரிச்சி ஸ்ட்ரீட் மாதிரி இடத்தில் அதே சாயல்ல இன்னும் மலிவா அடாப்டர்கள் தொங்கும். சிலதுல டேக்கே இருக்காது, வெறும் ஒயர்! கடையிலேயே லேப்டாப்பில் சொருகிப் பாருங்க. சவுண்ட் லிஸ்ட்டில் புதுசா ஒரு பேர் வந்தா டேக் இருக்கு. வரலைன்னா திருப்பிக் கொடுத்துட்டு நடையைக் கட்டுங்க.

அட்டையில் '384 கிலோஹெர்ட்ஸ், 32 பிட்'னு மிரட்டுவாங்க. நம்ம காதுக்கு எல்லையே சுமார் 20,000 ஹெர்ட்ஸ். சி.டி. தரமே 22,050 வரைக்கும் போகும். 2007-ல் அமெரிக்காவில் மேயர், மோரன்னு ரெண்டு பேர் ஒரு சோதனை முடிவை வெளியிட்டாங்க. உயர்தர டிஸ்க்கை நேரடியாவும், சி.டி. தரத்துக்குக் குறைச்சும், எதுன்னு சொல்லாம மாத்தி மாத்திப் போட்டிருக்காங்க. 554 தடவையில் சரியாச் சொன்னது 276. காசைச் சுண்டிப் போட்டாலே அந்தப் பாதி வந்திருக்கும்!

மிச்சமாகுற ஏழாயிரத்தை ஸ்பீக்கர் பக்கம் தள்ளுங்க. வித்தியாசம் பக்கத்து வீட்டுக்கே கேட்கும். டேக் மாட்டினதும் லேப்டாப் வால்யூமை நூறில் வெச்சுட்டு, ஏத்தி இறக்கறதை ஆம்ப்ளிஃபயர் நாப்பில் வெச்சுக்கங்க. முதல் தடவை மட்டும் நாப் ஜீரோவில் இருக்கட்டும், அப்பா தூங்கிட்டிருப்பார்.