கதிர்வீச்சும் விந்தணுவும்

குருசுக்குப்பத்தில் எங்கள் தெருவில் ஓர் அண்ணன் இருக்கிறார், கடலுக்குப் போகிறவர். மூன்று வாரமாக இருமல் நிற்காததால் மருத்துவர் நெஞ்சுப் படம் எடுத்துவரச் சொன்னார். "வேணாண்டா, கண்ணாலம் கட்டப் போறவன். எக்ஸ்ரே எடுத்தா புள்ள பொறக்காதாம்" என்று அவருடைய தாயார் தடுத்துவிட்டார். விலங்கியல் படிக்கிறவன் என்பதால் அண்ணன் என்னிடம் வந்து கேட்டார். அவருக்குச் சொன்ன பதிலே இக்கட்டுரை.

அந்த அம்மாவின் அச்சம் முற்றிலும் ஆதாரமற்றதன்று. எக்ஸ் கதிர் கண்டுபிடிக்கப்பட்ட எட்டாம் ஆண்டிலேயே, 1903-ல், ஜெர்மனியின் ஆல்பர்ஸ் ஷோன்பெர்க் அக்கதிர் பட்ட முயல்களும் கினியா எலிகளும் மலடாவதைக் கண்டார். 1906-ல் நம் ஊரை ஆண்ட பிரெஞ்சுக்காரர்களின் நாட்டில், போர்தோ நகரில், பெர்கோனியே, திரிபோந்தோ என்ற இருவர் எலிகளின் விரைகளை ஆராய்ந்து ஒரு விதியை வகுத்தனர். விரைந்து பிரியும் உயிரணுக்களையே கதிர்வீச்சு முதலில் தாக்கும் என்பது அதன் சாரம்.

விரையின் நுண்குழல்களில் தாய் உயிரணுக்கள் ஓயாமல் பிரிந்துகொண்டே இருக்கின்றன. அவற்றிலிருந்து ஒரு விந்தணு உருவாகி முடிய ஏறத்தாழ 74 நாட்கள் ஆகும். கதிர் பட்டால் மடிவது பெரும்பாலும் அந்தத் தாய் அணுக்களே. முன்பே முதிர்ந்துவிட்டவை தாங்கிக்கொள்ளும். ஆகவே கதிர் பட்ட மறுவாரம் சோதித்தால் குறையொன்றும் தெரியாது. இரண்டு மாதம் சென்ற பின்பே எண்ணிக்கை சரியும். ஆண் சுரப்புநீரைச் சுரக்கும் அணுக்களோ எளிதில் அழிவதில்லை. மீசையும் குரலும் இல்லற இன்பமும் முன்போலவே இருக்க, விந்தணு மட்டும் இல்லாமற் போகலாம். ஆண்மை வேறு, மகப்பேறு வேறு என்பதை நம்மவர் இன்னும் ஏற்றுக்கொண்டபாடில்லை.

எல்லாம் அளவைப் பொறுத்தது. விரையின்மீது ஒரே தடவையில் சுமார் 150 மில்லிகிரே பட்டால் விந்தணுக்கள் தற்காலிகமாகக் குறையும். 1,000-க்கு உட்பட்டால் ஒன்பது முதல் பதினெட்டு மாதங்களில் மீளலாம். 3,500 முதல் 6,000 வரை சென்றால் நிரந்தர மலட்டுத்தன்மை ஏற்படக்கூடும். நெஞ்சுப் படத்தின் அளவோ 0.1 மில்லிசீவர்ட்டைத் தாண்டுவது அரிது. எக்ஸ் கதிரைப் பொறுத்தவரை இவ்விரு அலகுகளையும் ஏறக்குறைய ஒன்றாகவே கொள்ளலாம். அந்தச் சிறு அளவிலும் விரைக்குச் சென்று சேர்வது சிதறல் மட்டுமே. அண்ணன் படம் எடுத்துக்கொண்டார்.

கேரளத்துக் கருநாகப்பள்ளிக் கடற்கரை மணலில் தோரியம் கலந்த மோனசைட் உண்டு. அங்கே சில இடங்களில் இயற்கைக் கதிர்வீச்சு மற்ற ஊர்களைப் போலப் பல மடங்கு. மீனவர்கள் தலைமுறை தலைமுறையாக அங்குதான் பிள்ளை குட்டிகளோடு வாழ்கிறார்கள். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட பிறப்புகளை ஆராய்ந்ததில் பிறவிக்குறைகள் மிகுந்திருப்பதாகத் தெரியவில்லை. அது விந்தணுவை எண்ணிய ஆய்வன்று. ஆயினும் நம் தெருப் பேச்சுக்கு அது போதுமான மறுமொழி.

அஞ்ச வேண்டிய இடத்தில் நாம் அஞ்சுவதில்லை. அடிவயிற்றிலோ விரையிலோ புற்றுநோய் கண்டு கதிர்ச்சிகிச்சை பெறுவோருக்கு விரையில் படும் அளவு சில சமயம் மிகுதி. அதிலும் ஒரு விந்தை: பிற உறுப்புகளுக்குச் சிறுகச் சிறுகக் கொடுத்தால் தீங்கு குறையும், விரைக்கோ அவ்வாறு கொடுப்பதே அதிகக் கேடு. சிகிச்சைக்கு முன் விந்தை எடுத்துத் திரவ நைட்ரஜனில், பூஜ்யத்துக்குக் கீழ் 196 பாகையில், உறையவைத்துக் காக்கலாம். ஈயக் கவசமும் இடலாம்.

என் உறவினர் ஒருவருக்கு வெளியூரில் இச்சிகிச்சை நடந்தது. இதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. அவரும் கேட்கக் கூசினார். நோய் நீங்கியது. பின்பு மணம் முடிந்து ஆறு ஆண்டுகள் அக்காதான் மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் அலைந்தாள். ஊர் அவளைத்தான் மலடி என்றது. சென்ற ஆண்டுதான் அவர் தம் விந்தைச் சோதிக்க இசைந்தார். ஓர் அணுகூட இல்லை. முடிவுத்தாளை அக்கா தன் மாமியாரிடம் கொடுத்தாள். அதைப் படித்துக்காட்டச் சொல்லி என்னைத்தான் அழைத்தார்கள்.